கல்லீரல் நோயாளிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருங்கிப்போனது. சிரோசிஸ் என்றார்கள். வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும், ரத்த வாந்தி வரலாம் என்று டாக்டர்கள் எச்சரித்திருந்ததால் அதற்கெல்லாம் தயாராக இருந்தோம். மூச்சைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் இரைத்தது. பக்கத்து கிளினிக்கில் இருமல் மருந்தும் இன்ஹேலரும் கொடுத்தார்கள். எட்டு மாதம் அப்படியே போனது. அப்புறம் ஒரு கல்லீரல் மருத்துவர், "படுத்தா மூச்சு நல்லா இருக்கா, உட்கார்ந்தா நல்லா இருக்கா?" என்று கேட்டார். அண்ணி யோசிக்கவே இல்லை. "படுத்தாத்தான் டாக்டர். அதனாலதான் எந்நேரமும் படுத்தே கிடக்கிறார்." நோய் பிடிபட்டது அந்தப் பதிலில்தான்.

அன்றிலிருந்து வார்டு வராந்தாக்களில் மற்ற குடும்பங்கள் என்னிடம் கேட்டதையும், நான் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரையைத் தொடங்குவது, நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அவரிடம் போக இது உதவும்.

கல்லீரல் வயிற்றில் இருக்கிறது. நுரையீரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுக்கும் நடுவே உதரவிதானம் என்ற ஒரு மெல்லிய தசைத் திரைதான் இருக்கிறது. ஆனால் உண்மையான தொடர்பு ரத்தத்தின் வழியாக. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே சுத்தமாகி, பிறகு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் ரத்தம் அதற்குள் நுழையத் திணறுகிறது. குடல் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் குறுக்கு வழிகளைத் தேடிக்கொள்கிறது. கல்லீரல் வடிகட்டியிருக்க வேண்டிய பொருட்கள் அப்படியே அடுத்த நிறுத்தமான நுரையீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. அவை அங்குள்ள ரத்தக் குழாய்களைச் சிலருக்கு விரித்துவிடுகின்றன, சிலருக்குச் சுருக்கிவிடுகின்றன.

வயிற்றில் நீர் இருப்பதால்தானே மூச்சு வாங்குகிறது?

அதுவும் ஒரு காரணம். வயிறு நீரால் உப்பும்போது உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் போகிறது. நீரை எடுத்தால் அன்றைக்கே மூச்சு லேசாகும். ரத்தசோகை இருந்தாலும் இரைக்கும். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் தசை கரைந்தவர்களுக்கு மூச்சுத் தசைகளும் பலவீனமாகியிருக்கும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தவருக்குப் பழைய நுரையீரல் நோயும் கூடவே இருக்கலாம்.

எனக்கு ஆதங்கமே இந்தக் கேள்வியில்தான். "லிவர் பேஷண்ட், வயித்துல தண்ணி, அதான் இரைக்குது" என்று சொல்லிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. வயிற்று நீரை எடுத்த பிறகும் மூச்சு வாங்குகிறதா? நீரே இல்லாதவருக்கு வாங்குகிறதா? அப்படியென்றால் வேறு காரணம் இருக்கிறது, கண்டுபிடித்தே ஆக வேண்டும். குறிப்பாக மூன்று: நுரையீரல் நுண்குழாய்கள் விரிந்துபோவது, நெஞ்சுக்குள் நீர் சேர்வது, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுவது. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்குக் கெடுதலாகவும் முடியும்.

படுத்தால் நன்றாக இருக்கிறது, எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது. இது என்ன விசித்திரம்?

இதய நோயாளிக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் இதற்கு நேர்மாறாக நடக்கும். அவர்கள் படுத்தால் திணறுவார்கள், எழுந்து உட்கார்ந்தால் ஆசுவாசம். கல்லீரல் நோயாளி இப்படித் தலைகீழாகச் சொன்னால் முதலில் நினைக்க வேண்டியது ஹெபடோபல்மனரி சிண்ட்ரோம். என் அண்ணனுக்கு வந்தது இதுதான்.

நுரையீரலின் காற்றுப்பைகளைச் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய தந்துகிகள் ஓடுகின்றன. அவற்றின் அகலம் வழக்கமாக 8 முதல் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரத்தச் சிவப்பணு 7, 8 மைக்ரான் இருக்கும். எனவே அணுக்கள் ஏறக்குறைய ஒற்றை வரிசையில், சுவரை உரசிக்கொண்டு போகின்றன. போகிற போக்கில் ஒவ்வொன்றும் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். இந்த நோயில் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்கள் தந்துகிகளை நூறு மைக்ரான், சில இடங்களில் அதற்கும் மேல் விரித்துவிடுகின்றன. சந்து நெடுஞ்சாலை ஆகிவிட்ட கதை. நடுவில் விரைந்து ஓடும் அணுக்களுக்கு ஓரத்திலிருந்து ஆக்சிஜன் எட்டுவதில்லை. அவை வெறுங்கையோடு இதயத்துக்குத் திரும்புகின்றன.

விரிந்த குழாய்கள் நுரையீரலின் அடிப்பகுதியில் அதிகம். எழுந்து நின்றால் ரத்தம் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது, அதனால் ஆக்சிஜன் குறைகிறது. படுத்தால் ரத்தம் பரவலாகப் பிரிகிறது, நிலைமை தேறுகிறது.

வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு. விரல் நுனிகள் முரசுக் குச்சியின் தலைபோலத் தடித்து நகம் வளைவது, உதடும் நகமும் நீலம் பாய்வது, மார்பிலும் தோளிலும் சிலந்திக் கால்கள் போலச் சிவப்பு நாளங்கள் தெரிவது. அண்ணனின் நகம் மாறியதைப் புகைப்படங்களைப் பின்னோக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தோம். ஒரு வருடமாகவே மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் இந்த நோயின் கடுமைக்கும் நேரடிக் கணக்கு இல்லை. மஞ்சள் காமாலை இல்லை, ரிப்போர்ட் சுமாராக இருக்கிறது என்பதற்காக இதைத் தள்ளிவைக்க முடியாது. கல்லீரல் மாற்றுக்காக மதிப்பிடப்படுபவர்களில் 5 முதல் 30 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன.

இதை எப்படி உறுதிசெய்வார்கள்?

இரண்டு பரிசோதனைகள். முதலாவது, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏபிஜி. ஆக்சிஜன் அழுத்தம் 80 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் லேசான நிலை, 60 முதல் 79 வரை நடுத்தரம், 50 முதல் 59 வரை கடுமை, 50-க்குக் கீழே மிகக் கடுமை. 80-க்கு மேல் இருந்தும் எப்படி நோய் என்கிறார்கள் என்று நானும் குழம்பினேன். காற்றுப்பையில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் ரத்தத்தில் சேர்ந்த ஆக்சிஜனுக்கும் உள்ள இடைவெளியையும் கணக்குப் போடுகிறார்கள். அது 15 மி.மீ. அல்லது அதற்கு மேல், 64 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரச்சினை.

இரண்டாவது, குமிழி எக்கோ. எக்கோ என்பது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். உப்புநீரை நன்றாகக் குலுக்கி, நுண்குமிழிகள் உண்டாக்கி, கை நரம்பில் ஏற்றுவார்கள். அவை இதயத்தின் வலப்பக்கம் போவது எக்கோ திரையில் வெள்ளைப் புகைபோலத் தெரியும். சாதாரண நுரையீரலில் குமிழிகள் தந்துகிகளில் சிக்கி மறைந்துவிடும், இடப்பக்கம் வராது. தந்துகி விரிந்திருந்தால் மூன்று முதல் ஆறு இதயத் துடிப்புக்குப் பிறகு இடப்பக்கமும் பனிபோல நிறையும். மூன்று துடிப்புக்கு முன்பே வந்தால் இதயத்திலேயே ஓட்டை இருக்கலாம். வலி கிடையாது, கை நரம்பில் ஊசி போடுவது மட்டும்தான். சாதாரண எக்கோவில் இது தெரியாது. "எக்கோ நார்மல்" என்று ரிப்போர்ட் இருந்தால், குமிழி விட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறது. உதவுமா?

கொரோனா காலத்தில் வாங்கியது பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும். பேட்டரி மாற்றி எடுங்கள். படுத்து பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, உட்கார்ந்து அல்லது நின்று பத்து நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். இரண்டையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 96-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்ததும் கணிசமாக இறங்கினாலோ அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

நகப்பூச்சைத் துடைத்துவிடுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்மில் பலருக்கு இது பொருந்தும். எனவே எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் ஏபிஜி கேளுங்கள். லேசான நிலையை ஆக்சிமீட்டர் கோட்டைவிடும்.

மாத்திரையில் சரியாகுமா?

ஹெபடோபல்மனரி சிண்ட்ரோமுக்கு நிரூபணமான மருந்து இதுவரை இல்லை. ஆக்சிஜன் கொடுப்பது துணை சிகிச்சை. ஆக்சிஜன் அழுத்தம் கூடும்போது அது விரிந்த குழாயின் நடுப்பகுதி வரை ஓரளவு எட்டுகிறது. வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வைத்திருந்தோம். நீண்ட குழாயை இழுத்துக்கொண்டு அண்ணன் சமையலறை வரை வந்து உட்காருவார். அதுவே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அப்படியானால் கல்லீரல் மாற்று மட்டும்தான் வழியா?

நோயைத் திருப்புவது அது ஒன்றுதான். 2005-ல் வெளிவந்த மாயோ கிளினிக் ஆய்வில், மாற்று செய்துகொண்டவர்களில் 76 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். செய்யாதவர்களில் 23 சதவீதம். நுரையீரல் கெட்டிருக்கிறது, ஆபரேஷன் தாங்காது என்று பலர் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த நோயில் நுரையீரல் கெட்டிருப்பதே ஆபரேஷன் செய்வதற்கான காரணம். அமெரிக்காவில் ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போனவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியலில் கூடுதல் முன்னுரிமை தருகிறார்கள். 50-க்குக் கீழே போன பிறகு செய்தால் ஆபத்து கூடும். அதனால் காத்திருந்து பார்ப்பது ஆகாது.

இந்தியாவில் உயிரோடு இருக்கும் உறவினர் தரும் கல்லீரல் பகுதியை வைத்தே பெரும்பாலான மாற்றுகள் நடக்கின்றன. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவு என்ற கணக்கில் வருவார்கள். இறந்தவர் உறுப்புக்குத் தமிழ்நாட்டில் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையே அதைச் செய்யும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று உண்டு. தகுதியை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

அண்ணனுக்கு அண்ணி கொடுத்தார். ஆபரேஷன் முடிந்த மறுநாளே மூச்சு சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆகவில்லை, பயந்துபோனோம். விரிந்த குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அண்ணனுக்கு வீட்டு ஆக்சிஜனை நிறுத்த ஏழு மாதம் ஆனது.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் நெஞ்சில் நீர் என்கிறார்கள். டிபி-யா?

பயப்படும் முன், நீரை எடுத்துப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால் நெஞ்சில் நீர் என்றாலே டிபி மாத்திரை எழுதும் பழக்கம் இருக்கிறது. சிரோசிஸ் உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை.

சிரோசிஸில் நெஞ்சில் நீர் சேர்வதற்கு ஹெபாட்டிக் ஹைட்ரோதோராக்ஸ் என்று பெயர். 5 முதல் 10 சதவீத நோயாளிகளுக்கு வருகிறது, பெரும்பாலும் வலப்பக்கம். உதரவிதானத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சிறு ஓட்டைகள் வழியாக வயிற்று நீர் மேலே ஏறுகிறது. மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதால் நீர் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் சேரும் நீர் முழுவதும் இப்படி மேலே போய்விட்டால், ஸ்கேனில் வயிற்று நீரே தெரியாமல் நெஞ்சில் மட்டும் இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எடுத்த நீரில் புரதம், அணுக்களின் எண்ணிக்கை, ஏடிஏ என்ற நொதி, கிருமி வளர்ப்பு எல்லாம் பார்ப்பார்கள். சிரோசிஸ் நீர் தெளிவாகவும் புரதம் குறைவாகவும் இருக்கும். டிபி நீரில் புரதமும் ஏடிஏ-வும் கூடியிருக்கும். அணுக்கள் எகிறியிருந்தால், நிமோனியா இல்லாமலேயே அந்த நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். அதற்கு உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டும். சிரோசிஸ் நோயாளிக்கு நிஜமாகவே டிபி வருவதும் உண்டு. அப்போது கல்லீரல் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்து, மருந்துக் கூட்டை மாற்றிக் கொடுப்பார்கள்.

நீர் திரும்பத் திரும்ப வருகிறது. குழாய் போட்டு வைத்துவிடலாமா?

கூடாது. வயிற்றிலிருந்து வரும் நீர் என்பதால் குழாய் நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும். அதோடு புரதமும் உப்புகளும் போகும், சிறுநீரகம் பழுதாகும், கிருமி ஏறும். ஊசியால் எடுத்து மூடுவதே நல்லது, ஒரு முறைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டருக்குள். உப்பைக் குறைத்து, ஸ்பைரோனோலாக்டோன், ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரைகளைச் சரிசெய்வது அடிப்படை சிகிச்சை. அதிலும் அடங்கவில்லை என்றால் கல்லீரலுக்குள் ஒரு இணைப்புக் குழல் வைத்துப் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் டிப்ஸ் சிகிச்சை சிலருக்குப் பொருந்தும். நினைவும் பேச்சும் தடுமாறும் குழப்ப நிலை வரும் அபாயம் அதில் உண்டு. கடைசியில் இதற்கும் கல்லீரல் மாற்றுதான் முழுத் தீர்வு.

உப்பு எவ்வளவு?

எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பேக்கரி ரொட்டி என்று சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு அது ஆபத்து. உப்புக்குத்தான் கட்டுப்பாடு, புரதத்துக்கு இல்லை. கஞ்சி மட்டும் கொடுத்துப் பத்தியம் காக்கும் வீடுகளில் மூச்சுத் தசையும் சேர்ந்து கரைகிறது. முட்டை, பருப்பு, மீன், தயிர் கொடுங்கள். படுக்கும் முன் சிறிது சாப்பிட வையுங்கள்.

நுரையீரலில் ரத்த அழுத்தம் என்கிறார்களே, அது வேறா?

வேறு. ஹெபடோபல்மனரி சிண்ட்ரோமில் குழாய் விரிகிறது. இதில் நுரையீரல் தமனிகள் சுருங்கித் தடித்து, இதயத்தின் வலப்பக்கம் தள்ள முடியாமல் திணறுகிறது. நடந்தால் மூச்சு வாங்கும், மயக்கம் வரும், கால் வீங்கும். பிபி கருவியில் தெரியாது. எக்கோவில் சந்தேகம் வந்தால், நரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கம் செலுத்தி நேரடியாக அளப்பார்கள். சராசரி அழுத்தம் 50-ஐத் தாண்டினால் மாற்று அறுவை சிகிச்சை உயிருக்கே ஆபத்து. சில்டெனாஃபில் போன்ற மருந்துகளால் 35-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு யோசிப்பார்கள். ரத்த வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் இவர்களின் இதயத்தை மேலும் தளர்த்தும் என்பதால், அதற்குப் பதில் உணவுக்குழாய் நாளங்களுக்கு வளையம் போடுவார்கள். நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தக்கசிவு வரும்.

சளி, காய்ச்சலுக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா?

ஆமாம். சிரோசிஸில் எதிர்ப்புச் சக்தி குறைவு. நிமோனியா வந்தால் கல்லீரலும் சேர்ந்து சரியும். ஃப்ளூ ஊசியை வருடா வருடம் போடுங்கள். நிமோகாக்கல் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். குழப்பத்திலோ அரைத் தூக்கத்திலோ இருப்பவருக்கு வாயில் எதுவும் ஊட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். தூக்க மாத்திரை, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

உட்கார்ந்த நிலையில் ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே, அல்லது வழக்கமாக உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணைவிடத் திடீரென்று இறங்கினால். உதடு நீலமானால். பேச முடியாத மூச்சுத் திணறல், காய்ச்சல், நெஞ்சுவலி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால். 108-ஐ அழையுங்கள், நோட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போகலாமா? விமானம்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பறக்கும் விமானத்தின் உள்ளேயும் ஏறக்குறைய அதே நிலைதான். சமவெளியிலேயே ஆக்சிஜன் குறைவாக இருப்பவருக்கு இரண்டுமே கஷ்டம். விமானத்தில் போயே ஆக வேண்டும் என்றால் டாக்டர் சான்றிதழோடு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஆக்சிஜன் ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். சொந்த சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். சிறிய கான்சன்ட்ரேட்டரில் சில வகைகளை அனுமதிப்பார்கள், ஆனால் பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கையில் இருக்க வேண்டும்.